மடை வளைவில் தப்பு யார்மேல்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. சேரன்மகாதேவியிலிருந்து கல்லிடைக்குறிச்சிக்குப் போகும் மினிபஸ்ஸில் காதில் விழுந்தது. முன்பாதி பஸ் ஒரு கட்சி, பின்பாதி பஸ் இன்னொரு கட்சி. நடுவில் கம்பியைப் பிடித்து நின்றவர்கள் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு வந்தார்கள். விஷயம் இதுதான்: பொட்டக்குளத்துக் கார் பந்தயத்தில் முத்துராணியும் ஹசன் அலியும் மோதிக்கொண்டார்களே, தப்பு யார்மேல்?

முடிவு சந்தோஷமானது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். சோகக் கதை எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது. இந்த ஒன்றிலாவது நம் ஆட்கள் ஜெயிக்கட்டும் என்று தீர்மானித்துவிட்டுத்தான் பேனா மூடியைத் திறந்தேன். (எப்படி ஜெயிக்கப் போகிறார்கள் என்பது அப்போது எனக்கே தெரியாது.)

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விவரம். கோடையில், கார்ப்பருவ நெல்லுக்குத் தண்ணீர் திறக்கும்வரை, எங்கள் பக்கத்துக் குளங்கள் காய்ந்து கிடக்கும். அப்படிக் காய்ந்த பொட்டக்குளத்துக்குள் மண்தடம் போட்டு, இரும்புக் கூண்டு கட்டிய பழைய மாருதி எண்ணூறுகளை ஓட்டுகிறார்கள். தகுதிச் சுற்றின் கடைசி வளைவு மடைக்குப் பக்கத்தில் வலது கைப் பக்கமாகத் திரும்பும். அங்கே முன்னால் போன ஹசன் அலியின் நீல வண்டியும் பின்னால் வந்த முத்துராணியின் மஞ்சள் வண்டியும் மோதின. இரண்டும் சுழன்று, ஒன்றையொன்று முறைத்தபடி நின்றுவிட்டன. இறுதிப் பந்தயத்தில் ஒரே ஓர் இடம்தான் பாக்கி. தப்பு செய்தவர் வெளியே, மற்றவர் உள்ளே என்றது கமிட்டி.

முத்துராணிக்கு அதைவிடப் பெரிய இடி ஒன்று இருந்தது. நான் உட்கார்ந்திருந்த மினிபஸ்ஸின் டிரைவரே அவள்தான். பஸ் முதலாளி தில்லைநாயகம். கமிட்டித் தலைவரும் தில்லைநாயகமேதான். எங்கள் ஊரில் ஒருவர் எத்தனை நாற்காலியில் வேண்டுமானாலும் உட்காரலாம். "தப்பு ஓம்மேலன்னு முடிவானா சாவி கிடையாது. இடிச்ச டிரைவர்ட்ட சனங்கள எப்படி ஒப்படைக்க?" என்று சொல்லி பஸ் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

அன்று பஸ்ஸில் வேறோர் ஆள். வாயில்லாப் பூச்சி, ஹாரனைத் தொடுவதே இல்லை. அதனால் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடித்தான் பஸ்ஸைப் பிடித்தேன்.*

* என் வீடு வாய்க்கால் ஓரத்துக் கிராமத்தில். அப்பளக் கடை கல்லிடைக்குறிச்சியில். எங்கள் தடத்தில் நேரம் எழுதிய பலகை எங்கும் கிடையாது. வாய்க்கால் பாலத்து வளைவில் முத்துராணி நீளமாக ஹாரன் அடிப்பாள். அது கேட்டபிறகுதான் செருப்பை மாட்டுவோம். என்னைப் போன்ற சோம்பேறிகளுக்கு இந்த ஏற்பாடு மிகவும் வசதி.

2

தொடக்கம் ஒன்று: "பொட்டக்குளத்தின் மேல் வெயில்—"

வேண்டாம். வெயிலில் தொடங்காத கதையை எங்கள் மாவட்டத்தில் எவனாவது எழுதியிருக்கிறானா?

தொடக்கம் இரண்டு: "ஆண்கள் மட்டுமே ஓட்டிய தடத்தில் ஒரு பெண் காலடி எடுத்து—"

இதுவும் வேண்டாம். அவள் காலை வைத்தது ஆக்சிலேட்டரில்.

தொடக்கம் மூன்று: "முத்துராணி அவசரப்பட்டாள். உள்பக்கம் இடமே இல்லாதபோது மூக்கை நுழைத்தாள்." இது மளமளவென்று ஒரு பக்கம் ஓடியது. கடைசி வரியில் அவளை அழவும் விட்டேன்.

தொடக்கம் நான்கு: "ஹசன் அலி இடத்தைத் திறந்து காட்டினார். நம்பி நுழைந்தவளின் முகத்தில் அறைந்து மூடினார்." இதுவும் நன்றாகவே வந்தது. தப்பை யார்மேல் போட்டாலும் கதை நன்றாக வருகிறது என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாகிவிட்டது.

நான் நேரில் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். கரையில்தான் இருந்தேன். நுங்கு தின்றுகொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தினால் புழுதி. புழுதிக்குள்ளிருந்து மைக்செட் கணேஷ்ராமின் குரல்: "இடிச்சிட்டா! முத்துராணி இடிச்சிட்டா!" அவனுக்கும் புழுதிதான் தெரிந்திருக்கும். ஆனால் மைக் அவன் கையில் இருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அந்த வாயில் மைக்கையும் கொடுத்தால் கேட்கவே வேண்டாம்.

3

[இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். கதைதான் வேண்டும் என்பவர்கள் கண்டக்டர் பேசுகிற இடத்துக்குத் தாவிவிடலாம்.]

விபத்து என்றால் நம் ஊரில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பெரிய வண்டிமேல்தான் தப்பு. லாரியும் காரும் மோதினால் லாரி. காரும் பைக்கும் மோதினால் கார். பைக்கும் சைக்கிளும் மோதினால் பைக். சைக்கிள்காரன் ஆட்டின்மேல் மோதினால், ஆட்டுக்காரர் வந்து சேருவதற்குள் சைக்கிள்காரன் குற்றவாளி. இதில் நியாயம் எவ்வளவு என்று தெரியாது. வேகம் உண்டு. போலீஸ் வருவதற்குள் தீர்ப்பு முடிந்து டீயும் குடித்து முடித்திருப்பார்கள்.

பொட்டக்குளத்தில் வந்த சிக்கல் என்னவென்றால் இரண்டும் ஒரே அளவு வண்டி. ஊர் திணறிவிட்டது. வேறு வழியில்லாமல் ஆளாளுக்குப் போனில் வெளிநாட்டுப் பந்தயங்களைப் பார்த்து, இரண்டே நாளில் எல்லோரும் நடுவர்களாகிவிட்டார்கள்.

"முன்னால போறவனுக்குத்தான் வளைவு சொந்தம். பின்னால வாறவதான் பாத்து வரணும்" என்றான் கண்டக்டர் மாரிராஜ்.

"சொந்தம்னா? பட்டா வச்சிருக்காரா?" என்றாள் சுகன்யா. என் கடையில் அப்பளம் போடுகிறவள். எனக்கே பதில் சொல்லவிட மாட்டாள்.

"வேகமா வந்து உள்ள சொருவுனா?"

"பாதி வண்டி உள்ள வந்திட்டுன்னா இடம் விடணும்லா. அதான் சட்டம்."

"பாதி வந்துச்சா, மூக்கு மட்டும் வந்துச்சா? நீ பாத்தியா?"

"நீ பாத்தியாலே?"

மாரிராஜ் டிக்கெட் கிழிக்கப் போய்விட்டான். பஸ்ஸில் இருந்த ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இவ்வளவு உறுதியாகப் பேசியிருக்க முடியாது.

4

மூன்றாவது தொடக்கத்தை முத்துராணியிடம் படிக்கக் கொடுத்தது என் கெட்ட நேரம். கதாபாத்திரத்திடம் கதையைக் காட்டக் கூடாது என்று எந்தப் பெரியவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கடை வாசலிலேயே நின்று படித்தாள்.

"அண்ணாச்சி, நான் அழுதேன்னு எழுதியிருக்கீய."

"அது கதைக்காக..."

"கதைக்குத்தான அழணும், நீங்க அழுங்க. நான் வண்டிய விட்டு எறங்கி மொத வேலையா ரேடியேட்டரத்தான் பாத்தேன்."

அந்த வரியை அடித்துவிடுகிறேன் என்றேன். அவள் அதோடு விடவில்லை.

"இடமில்லாத எடத்துல நுழைஞ்சேன்னு வேற எழுதியிருக்கீய. எத்தன வருசமா எம் பஸ்ல வாறீய? என்னைக்காவது அப்படி நுழைஞ்சு பாத்திருக்கீயளா?"

யோசித்துப் பார்த்தேன். எதிரே டிராக்டர் வந்தால் பைய ஓரங்கட்டி, வழிவிட்டு, அதன்பிறகே எடுப்பாள். ஒரு நாளும் நான் இருக்கையின் நுனிக்கு வந்ததில்லை.

"அவுக இடம் விட்டாக, அண்ணாச்சி. நல்லா ஒரு வண்டி போற இடம். நான் நுழைஞ்ச பெறவு திருப்பி மூடிட்டாக."

"பந்தயத்துல எவனாவது எதிராளிக்கு வழிவிடுவானா?"

"அது வந்து..." என்று ஆரம்பித்தாள். நிறுத்திக்கொண்டாள். அவளுடைய வலது பெருவிரல் கல்லாமேசையை அமுக்கி அமுக்கி எடுத்தது. "உளுந்தப்பளம் ஒரு கட்டு குடுங்க" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

[எனக்கு இங்கே அவள்மேல் சந்தேகம் வந்தது. எதையோ விழுங்குகிறாள். பஸ் இல்லாத டிரைவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போகாமல் சந்துவழியாக வீட்டுக்குப் போனதையும் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு மூன்றாவது தொடக்கத்தைக் கிழித்துவிட்டேன்.]

5

ஹசன் அலியைப் பார்க்க அவர் ஊரான காயல்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். கடற்காற்று முகத்தில்—

பொய். ஏறவில்லை. போன்தான் செய்தேன்.

ஹசன் அலியைப் பற்றி இதற்குள் சொல்லியிருக்க வேண்டும். இதே சேரன்மகாதேவி ரோட்டில் நெடுங்காலம் வாழைத்தார் ஏற்றி லோடு வண்டி ஓட்டியவர். அப்புறம் வளைகுடாவுக்குப் போய் அங்கே ஒரு பந்தயத் தடத்தில் டயர் மாற்றும் வேலை பார்த்தார். திரும்பி வந்தபோது சாக்லேட்டோடு பந்தயச் சட்டம் முழுவதையும் கொண்டு வந்தார். கமிட்டிக்கு விதிகள் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். அப்படிப்பட்டவர் மோதலுக்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

போனை எடுத்தது அவர் மனைவி முஃபீதா.

"இவுக தொழப் பள்ளிக்குப் போயிருக்காக. நீங்க கதை எழுதுற அண்ணாச்சிதான? நான் மடைக்கு மேல நின்னு பாத்தேன். அங்கன புழுதி இல்ல. இவுக தானாத்தான் ஒதுங்கினாக. யாரும் தள்ளல. ஏன் ஒதுங்கினீயன்னு கேட்டா 'சும்மா இரு, கமிட்டிக்கிட்ட ஒண்ணும் பேசாத'ங்காக. வந்ததுலேருந்து ஒழுங்கா ஒரு வாய் சோறு எறங்கல."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"எனக்கு என்ன தெரியும்? நீங்களே ஒரு காரணம் எழுதுங்களேன். படிச்சாவது தெரிஞ்சிக்கிடுதேன்."

கதைக்காரனுக்கு இதைவிடப் பெரிய சவால் கிடைக்காது. உட்கார்ந்து எழுதினேன். பெண்பிள்ளை என்று இரக்கப்பட்டு விட்டார் என்று எழுதினேன். முத்துராணி படித்தால் உளுந்துமாவை என் தலையில் கொட்டுவாள், அடித்தேன். ஸ்டியரிங் கழன்றது என்று எழுதினேன். அவர் கையால் பூட்டிய வண்டி கழலாது, அடித்தேன். கண்ணில் தூசி என்றேன். ஹெல்மெட்டில் கண்ணாடி இருக்கிறது. கடைசியாக "விதி" என்று எழுதினேன். காரணம் கிடைக்காத கதாசிரியன் போய் விழுகிற பள்ளம் அது. அதையும் அடித்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

நீங்களும் ஒரு காரணம் நினைத்திருப்பீர்கள். அப்படியே வைத்துக்கொண்டு வாருங்கள்.

6

தண்ணீர் திறக்கப்போகிறார்கள் என்று தகவல் வந்தது. திறந்துவிட்டால் பந்தயத்தடம் குளமாகிவிடும். எனவே ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தீர்ப்பு, உடனே இறுதிப் பந்தயம் என்று கமிட்டி முடிவு செய்தது. கரை முழுக்க ஜனம். என் பஸ்கட்சிகள் இரண்டும் வந்திருந்தன.

தில்லைநாயகம் மேசைக்குப் பின்னால் எழுந்து நின்றார். "சாட்சின்னு ஒருத்தரும் வரல. புழுதியச் சாட்சிக்குக் கூப்புட முடியாது. நீங்க ரெண்டு பேருமே சொல்லுங்க."

ஹசன் அலி முந்திக்கொண்டார். "தப்பு எம்மேல. நான் இடம் விட்டுட்டு மூடினேன். திறந்தத மூடக்கூடாது. அதுதான் சட்டம்."

"எதுக்குவே இடம் விட்டீரு?"

"விட்டேன். அவ்வளவுதான்."

தில்லைநாயகத்துக்கு அது போதுமாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து பஸ் சாவியை எடுத்து முத்துராணியின் கையில் வைத்தார். "நாளைலேருந்து நீயே எடு. பந்தயத்துலயும் நீயே ஓடு." கரையில் விசில் பறந்தது. சுகன்யா குலவை போட்டாள்.

முற்றும்.

(என்று எழுதிவிட்டேன். வெற்றிதானே, இதற்குமேல் என்ன வேண்டும்? அந்தச் சொல்லை அடிக்க வைத்தது அவள்தான்.)

முத்துராணி சாவியைப் பார்த்தாள். தலைகுனிந்து நின்ற ஹசன் அலியைப் பார்த்தாள்.

"மொதலாளி, அவுக ஏன் ஒதுங்கினாகன்னு எனக்குத் தெரியும். நான் ஹாரன் அடிச்சேன்."

பந்தய வண்டியில் ஹாரன், விளக்கு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும் என்பது கமிட்டி விதி.

"எல்லாத்தையும் கழத்திட்டேன். பஸ்லேருந்து எறக்குன பழைய ஹாரன் ஒண்ண மட்டும் உள்ளுக்குள்ள மாட்டிக்கிட்டேன். அது இல்லாம ஸ்டியரிங் பிடிச்சா கை வெறுமனயா இருக்கு. மடை வளைவு வரவும் நம்ம பாலத்து வளைவு மாதிரியே இருந்துச்சு. பெருவிரல் தானா அமுக்கிட்டு. எஞ்சின் சத்தத்துலயும் மைக் சத்தத்துலயும் உங்க யாருக்கும் கேக்கல. அவுகளுக்குக் கேட்ருக்கும்." சாவியை மேசைமேல் வைத்தாள். "தப்பு எம்மேல."

"நுணலும் தன் வாயால கெடும்" என்று மாரிராஜ் முனகினான். எனக்கு ஆத்திரமாக வந்தது. கையில் வந்த சாவியைத் திருப்பி வைக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு நான் எப்படி வெற்றிக் கதை எழுதுவது?

எல்லோரும் ஹசன் அலியைப் பார்த்தோம். "நெசமாவே?" என்றார் தில்லைநாயகம்.

"நெசந்தான் அண்ணாச்சி." அவர் முகம் சிவந்துவிட்டது. "எப்படிச் சொல்ல? வெளிநாட்டுத் தடத்துல வேல பாத்தவன், உங்களுக்கெல்லாம் சட்டம் சொல்லிக் குடுத்தவன், பந்தயத்துல ஹாரன் கேட்டு ஒதுங்கினேன்னு சொன்னா சிரிக்க மாட்டியளா? இந்த ரோட்டுல லோடு வண்டி ஓட்டுன கை இது. பின்னால பஸ் ஹாரன் கேட்டா தானா எடது பக்கம் போயிருது. போன பெறவுதான் 'அட, பந்தயம்லா'ன்னு ஓர்மை வந்துச்சு. வெடுக்குன்னு திருப்பிட்டேன். அதுக்குள்ள தங்கச்சி உள்ள வந்திட்டு."

முதலில் சிரித்தது முஃபீதா. "இதுக்கா சோறு திங்காமக் கெடந்தீய?" என்று கேட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் கரையே சிரித்தது. அது கேலிச் சிரிப்பில்லை. தன்னையே கண்ணாடியில் பார்த்த சிரிப்பு. அந்த நேரம் பார்த்து, பின்னால் கரையேறி வந்த தண்ணீர் லாரி ஒன்று பாம்ம்ம் என்று அடித்தது. கூட்டம் மொத்தமும் இடது பக்கம் ஒதுங்கியது. தில்லைநாயகமும்தான். மேசை அங்கே இருந்தது, அவர் இங்கே இருந்தார்.

தான் நிற்கிற இடத்தை அவர் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"சரி, கேளுங்க" என்றார். "ஹாரன் வச்சது இவ தப்பு. திறந்தத மூடினது அவர் தப்பு. ஒதுங்கினது யார் தப்பும் இல்ல. அது நம்ம ரோடு."

"அப்ப பஸ்ஸு?" என்றாள் சுகன்யா. "மொதலாளி, புது ஆளு ஹாரனே அடிக்காம நாங்க பாதிப்பேரு நடந்துல்லா போறோம். ஹாரன் அடிச்சதுக்கு டிரைவர நிப்பாட்டினியன்னா, அந்த பஸ்ல காத்துதான் ஏறும், பாத்துக்கிடுங்க."

முன்பாதி பஸ்ஸும் பின்பாதி பஸ்ஸும் முதன்முறையாகச் சேர்ந்து கைதட்டின. நானும் தட்டினேன். கதாசிரியன் நடுநிலை வகிக்க வேண்டும் என்பதெல்லாம் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

தில்லைநாயகம் மேசைக்குத் திரும்பிப் போய்ச் சாவியை எடுத்தார். "இடிச்ச டிரைவர்ட்ட எப்படி ஒப்படைக்கன்னு கேட்டேன். கைக்கு வந்த சாவிய தன் வாயால திருப்பி வைக்கா பாரு, அவட்ட ஒப்படைக்கலாம்." இரண்டாம் முறையாக அவள் கையில் கொடுத்தார். இந்தத் தடவை அவள் விரலை மூடிக்கொண்டாள். மறு கையால் கண்ணைத் துடைத்தாள்.

(அழுதாள் என்று நான் எழுதவில்லை. துடைத்தாள் என்றுதான் எழுதியிருக்கிறேன். முத்துராணி கவனிக்க.)

7

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனாலும் இறுதிப் பந்தயத்தில் அந்த ஒரே இடம் பாக்கி நிற்கிறது. ஆட்கள் இரண்டு. ஒரு சுற்று, இரண்டு வண்டி மட்டும், முதலில் வருகிறவருக்கு இடம் என்றது கமிட்டி.

"எனக்கும் ஒரு ஹாரன் மாட்டுங்க" என்றார் ஹசன் அலி.

தண்ணீர் லாரிக்காரர் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். விதி என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. தில்லைநாயகம் மட்டும் கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை நான் நுங்கு வாங்கவில்லை. நேரே மடைக்கு மேலே போய் முஃபீதா பக்கத்தில் நின்றுகொண்டேன். இரண்டும் கிளம்பின. நீலம் முன்னால், மஞ்சள் பின்னால். தூரத்திலேயே முத்துராணி ஹாரனை அமுக்கிவிட்டாள். ஹசன் அலி பதிலுக்கு அமுக்கினார். கரையில் நின்ற பைக்குகள், ஆட்டோக்கள், லாரி எல்லாம் சேர்ந்துகொண்டன. தாமிரபரணி அக்கரைக்கே கேட்டிருக்கும்.

மடை வளைவு. மஞ்சள் வண்டி வலது பக்கம் உள்ளே நுழைந்தது. நீல வண்டி ஒரு வண்டி அளவுக்கு இடம் விட்டது. விட்டதை மூடவில்லை. கொடுத்த இடத்துக்குமேல் அவளும் ஒரு விரற்கடை எடுக்கவில்லை. இரண்டும் கதவோடு கதவாக, இடையில் உள்ளங்கை நுழைகிற சந்து விட்டு, மண்ணைச் சீவி எறிந்துகொண்டு என் காலுக்குக் கீழே போயின. "இவுக ஒதுங்கல, அண்ணாச்சி! இடம்தான் விட்டாக!" என்று கத்தினார் முஃபீதா. நானும் ஏதோ கத்தினேன். இந்த வயதில் நான் அப்படிக் குதித்ததை ஊரில் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள். தப்பு யார்மேல் என்று இத்தனை நாள் பேசினோமே, ஒரு வளைவை இரண்டு பேர் தப்பே இல்லாமல் கடக்கிறது எப்படி என்று அன்றுதான் பார்த்தேன். மனசு நிறைந்துவிட்டது.

முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் திரும்பவும் புழுதி. மைக்கில் கணேஷ்ராம் வாயைத் திறந்தான், மூடினான், கடைசியில் சொன்னான்: "எனக்குத் தெரியலவே! நான் சொல்ல மாட்டேன்!" பிழைத்துக்கொள்வான்.

யார் முதலில் வந்தது என்று கொடி பிடித்தவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நீங்கள் போய்ப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் முடியாது. தண்ணீர் திறந்துவிட்டார்கள். டயர் தடம், கோடு, மடை வளைவு எல்லாவற்றுக்கும் மேலே இப்போது கொக்கு நிற்கிறது. ஆகவே இந்த விஷயத்தில் என்னை நம்புவதைத் தவிர உங்களுக்கு வேறு வழியில்லை. சொல்லிவிடுகிறேன். புழுதிக்குள்ளிருந்து முதலில் வெளியே வந்த வண்டியின் நிறம்—

வாய்க்கால் பாலத்தில் ஹாரன் கேட்கிறது. நீளமாக, அவளுடைய அடி. கொடி உங்கள் கையில் இருக்கட்டும், யாருக்கு வேண்டுமோ இறக்கிக்கொள்ளுங்கள். நான் செருப்பை மாட்ட வேண்டும், பஸ் வந்துவிட்டது.